ஏழு பிழைகளும் நான்கு முகவர்களும்

ஆடிக் கிருத்திகை நாளில் நம் திருத்தணியைக் கண்டவர்களுக்கு ஒரு செய்தி நன்கு விளங்கும். ஊரின் வேலைகள் அன்று ஒரே நேரத்தில் பல இடங்களில் நடைபெறுகின்றன. சரவணப் பொய்கையில் நீராடுவோர் ஒருபுறம். முடி காணிக்கை செலுத்துவோர் ஒருபுறம். பேருந்துகளை ஒழுங்கு செய்வோர் மற்றொருபுறம். குடிநீர் வழங்குவோர் வேறொருபுறம். நீர் வழங்குகிறவர் பேருந்து வரட்டும் என்று காத்திருப்பதில்லை. ஆனால் காவடி சுமந்து படியேறுகிறவர் நிலை வேறு. முதற்படியில் கால் வைக்காமல் அவர் இரண்டாம் படிக்குப் போக முடியாது. 365 படிகளையும் 365 பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் ஒருவரும் மலையுச்சியை அடையப் போவதில்லை.

முன்னது ஒருங்கே செய்யத்தக்க வேலை. பின்னது ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்க வேலை. எந்த வேலை எவ்வகையைச் சார்ந்தது என்று பகுத்து அறிவதே இக்கட்டுரையின் பொருளாகும். கணினித் துறையில் இன்று இந்தப் பகுத்தறிவுக்குப் புதியதொரு தேவை பிறந்திருக்கிறது. மென்பொருளில் தோன்றும் பிழைகளைத் திருத்துவதற்குச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் பலரை ஒரே நேரத்தில் ஏவும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. அதனை முறையாகச் செய்வது எவ்வாறு என்பதை நம் கல்லூரி மாணவர்கள் அறிந்திருத்தல் நலம்.

முகவர் என்பது யாது?

வினாவுக்கு விடை மட்டும் கூறும் நிரலை நாம் முகவர் என்பதில்லை. மொழி மாதிரி ஒன்றிடம் கோப்புகளைப் படிக்கவும், நிரலைத் திருத்தவும், சோதனைகளை ஓட்டவும், அவற்றின் விளைவைக் கண்டு மறுபடி திருத்தவும் கருவிகளைத் தந்து, ஒரு குறிக்கோளையும் தந்து விட்டுவிட்டால் அது முகவர் ஆகிறது. படித்தல், செய்தல், விளைவு காணுதல், மீண்டும் செய்தல் என்னும் சுழற்சியே அதன் உயிர்நாடி.

முகவருக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அதன் நினைவுக்கு எல்லை உண்டு. ஒரே முகவரிடம் தொடர்பில்லாத ஏழு சிக்கல்களை ஒருசேரக் கொடுத்தால், முதற்சிக்கலுக்காகப் படித்த கோப்புகள் ஏழாம் சிக்கலை ஆராயும்போதும் நினைவை அடைத்துக்கொண்டிருக்கும், கவனம் சிதறும். இரண்டாவது, ஒரு முகவருக்கு மற்றொரு முகவரின் மனத்தில் உள்ளது தெரியாது. நாம் சொல்லிக் கொடுத்ததும் அது தானே படித்துக் கண்டதுமே அதன் உலகம். முதற்குறையின் காரணமாகவே வேலையைப் பிரிக்கிறோம். இரண்டாம் குறையின் காரணமாகப் பிரிக்கும்போது விழிப்போடு இருக்க வேண்டியவர்களாகிறோம்.

தனித்தன்மைக்கு ஓர் இலக்கணம்

இரு வேலைகள் ஒன்றையொன்று சாராதவை என்று எப்போது கூறலாம்? இவ்வினா முகவர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே எழுந்தது. 1966-ஆம் ஆண்டில் பெர்ன்ஸ்டைன் என்னும் அறிஞர் இதற்குத் தெளிவான விதிகளை வகுத்தார். அவற்றின் சாரம் இதுதான்: ஒரு வேலை எழுதுவதை மற்றொரு வேலை படிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. இருவரும் ஒன்றையே படிப்பதால் மட்டும் கேடு இல்லை.

நூலகத்து மேசையில் விரித்து வைத்த நாளிதழை நால்வர் சுற்றி நின்று படிக்கலாம். ஆனால் ஒரே கணக்கேட்டின் ஒரே பக்கத்தில் நால்வர் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினால் கணக்கு என்னவாகும்? இந்த எளிய உண்மையைத்தான் அவ்விதிகள் கூறுகின்றன. ஆகவே பிழைகளைப் பங்கிடுமுன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டியல்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இதனைத் திருத்த எவற்றைப் படிக்க வேண்டும்? எவற்றை மாற்ற வேண்டும்? ஒன்றின் மாற்றப் பட்டியலில் உள்ளது மற்றொன்றின் எந்தப் பட்டியலிலும் இல்லையெனில் அவ்விரண்டையும் இருவரிடம் துணிந்து கொடுக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

கல்லூரி மாணவர் பதிவேட்டை நடத்தும் மென்பொருள் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஏழு பிழைகள் காணப்படுகின்றன.

1. 2024 பிப்ரவரி 29 அன்று வந்த மாணவருக்கு வருகைப் பதிவு ஏறவில்லை. நிரல் எல்லா பிப்ரவரிக்கும் 28 நாள் என்றே எண்ணுகிறது.

2. கட்டண இரசீதில் காசுக் கணக்கு உதைக்கிறது. இரும எண்முறையில் 0.1, 0.2 ஆகியவற்றைத் துல்லியமாக எழுத முடியாது; அவற்றைக் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்று காட்டுவது நீங்கள் ஆய்வகத்தில் கண்டதே.

3. பெயர்ப்பட்டியல் அகர வரிசையில் இல்லை. கமலாவுக்கு முன்னால் கனகா வருகிறாள். யூனிகோடு அட்டவணையில் ‘ன’ என்னும் எழுத்து ‘ந’வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருப்பதே காரணம். நம் நெடுங்கணக்கிலோ அது மெய்களின் வரிசையில் கடைசி எழுத்து.

4. ‘கோபால்’ என்று தேடினால், பதிவேட்டில் கண்ணெதிரே இருக்கும் கோபால் அகப்படவில்லை.

5. ஒரே மாணவர் பட்டியலில் இருமுறை இடம்பெறுகிறார்.

6. நீண்ட பெயர்கள் பாதியில் அறுபடுகின்றன. ‘திருத்தணிகாசலம்’ என்பது ‘திருத்தணிக’ என்று நின்றுவிடுகிறது.

7. அறிக்கை அச்சிடும் பகுதிக்கான சோதனை சில வேளை வெற்றி பெறுகிறது. சில வேளை தோற்கிறது.

பிழைகள் ஏழு, ஆகவே முகவர்கள் எழுவர் என்று கணக்கிடுவோருமுண்டு. அது தவறு. ஏன் என்று காண்போம்.

நான்காம் பிழையை நோக்குங்கள். ‘கோ’ என்னும் எழுத்தைக் கணினியில் இரு வகையில் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம்; அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள். முதல் வகையில் ‘கோபால்’ 6 குறிகள், இரண்டாம் வகையில் 7 குறிகள். தேடியவர் ஒரு வகையில் தட்டச்சு செய்தார். பதிந்தவர் மற்றொரு வகையில் தட்டச்சு செய்திருந்தார். ஐந்தாம் பிழைக்கும் இதுவே வேர். இரு வகையிலும் பதியப்பட்ட ஒரே பெயரை இருவர் என்று நிரல் நம்பிவிட்டது. மூன்றாம் பிழையான வரிசைக் குழப்பத்திற்கு வேறு காரணம் உண்டு எனினும், குறிகள் எவ்வகையில் சேமிக்கப்பட்டுள்ளன என்பதைப் படிக்காமல் வரிசைப்படுத்த இயலாது.

ஆறாம் பிழையும் அப்படியே. ‘திருத்தணிகாசலம்’ என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் 9. யூனிகோடு குறிகளோ 15. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் வீதம் மொத்தம் 45 பைட்டுகள். பெயருக்கென ஒதுக்கிய இடம் 30 பைட்டுகளே என்றால் முதல் 10 குறிகள் மட்டும் தங்கும், எஞ்சியவை அறுபடும். ஒரு பெயருக்கு எத்தனைக் குறிகள் என்பது அதனைச் சேமிக்கும் வகையைப் பொறுத்தது என்பதை மேலே கண்டோம்.

ஆகவே 3, 4, 5, 6 ஆகிய நான்கும் ஒரே குடும்பம். தேதி, கட்டணம், அறிக்கை ஆகிய மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள். பிழைகள் ஏழு, முகவர்கள் நால்வர்.

பிரித்ததனால் வரும் கேடு

பெயர்க் குடும்பத்தையும் நால்வருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? தேடலைத் திருத்த வந்த முகவர், தேடும் சொல்லை ஒற்றைக் குறி வகைக்கு மாற்றியிருக்கும். இரட்டிப்பை நீக்க வந்த முகவர், சேமிக்கும் பெயர்களை எல்லாம் பிரித்த குறி வகைக்கு மாற்றியிருக்கும். தத்தம் சோதனையில் இரண்டும் வெற்றி பெறும். இரண்டும் “பணி முடிந்தது” என்று அறிக்கை தரும். இரண்டையும் சேர்த்து ஓட்டினாலோ, முன்பு சில கோபால்கள் அகப்படவில்லை; இப்போது ஒரு கோபாலும் அகப்படமாட்டார்!

இதில் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. இருவரும் திருத்தியவை வேறு வேறு வரிகள். ஆதலால் நிரல்களை ஒன்றுசேர்க்கும் கிட் போன்ற கருவி இதில் முரண்பாடு எதுவும் காணாது. இரண்டையும் அமைதியாகச் சேர்த்துவிடும். கருவி வரிகளின் மோதலைக் காணும். பொருளின் மோதலைக் காணாது. அதைக் காண்பது பணியைப் பிரித்துக் கொடுத்தவரின் கடமை.

ஆறு கற்பிக்கும் பாடம்

மறைந்து நிற்கும் தொடர்பு என்றால் என்ன என்பதை நம் வட்டாரமே நமக்குக் கற்பிக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லையை ஆராய்ந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, பேசப்படும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் நோக்கிக் கோடு வகுத்தார். கிராமங்கள் பிரிந்தன, நிர்வாகம் பிரிந்தது, கணக்குகள் பிரிந்தன.

ஆனால் கொசஸ்தலை ஆறு பிரியவில்லை. மழை மிகுந்து ஆந்திரப் பகுதியிலுள்ள கிருஷ்ணாபுரம் அணையில் நீர் திறந்தால், எல்லைக்கு இப்பால் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. அங்கே மதகைத் திறப்பவர் தம் அணையைக் காக்கிறார். அவர் செய்தது அவருக்குச் சரி. இங்கே பாலம் கடக்க நிற்பவருக்கு முன்கூட்டிய செய்தி வந்து சேர வேண்டும். வரைபடத்தில் இரண்டு மாநிலங்கள். நீருக்கு ஒரே பள்ளத்தாக்கு.

மென்பொருளிலும் இத்தகைய ஆறுகள் ஓடுகின்றன. நான்கு முகவர்களும் வேறு வேறு கோப்புகளையே தொடுகின்றன என்றாலும், நால்வரின் சோதனைகளும் ஒரே சோதனைத் தரவுத்தளத்தில் எழுதினால் ஒருவர் அழித்ததை மற்றவர் தேடிக்கொண்டிருப்பார். இல்லாத பிழையை இருப்பதாக எண்ணி முகவர் திருத்தப் புகும். ஆகவே கோப்புகளைப் பிரித்தால் போதாது. தரவுத்தளம், தற்காலிகக் கோப்புறை ஆகியவற்றையும் தனித்தனியே தர வேண்டும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் கருவியில், ஒரே களஞ்சியத்திலிருந்து பல வேலைக் கோப்புறைகளை ஒருங்கே விரித்து வைக்கும் வசதி 2015-இல் சேர்ந்தது. ஒவ்வொரு முகவருக்கும் ஒரு கோப்புறை என்று கொடுப்பதற்கு அது பெரிதும் உதவுகிறது. எனினும் அது கோப்புகளை மட்டுமே பிரிக்கும், ஆற்றைப் பிரிக்காது.

தமிழர் கண்ட ஒரு முன்மாதிரி

பலர் பிரிந்து நின்று ஒரு பணியை முடிப்பதற்குத் தமிழுலகில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் அது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் இலவசமாக வைத்தனர். ஒருவர் ஒரு நூலைத் தட்டச்சு செய்ய மற்றொருவர் வேறொரு நூலை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவை தனித்தன்மை உடைய வேலைகள்.

ஆயினும் ஒன்றில் மட்டும் அனைவரும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. அதுதான் எழுத்துக் குறியீடு. ஆளுக்கொரு குறியீட்டில் தட்டச்சு செய்தால் ஒருவர் நூல் மற்றவர் திரையில் கிறுக்கலாகத் தோன்றும். டிஸ்கி என்னும் பொதுக் குறியீடும் பின்னர் யூனிகோடும் அந்தப் பொது உடன்பாட்டைத் தந்தன. பிரிவதற்கு முன்பே பொதுவானதை முடிவு செய்துவிடு என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

பணியாணை எழுதும் முறை

முகவருக்குப் பிறருடைய மனம் தெரியாது என்றோம். ஆகவே பணியாணை தனக்குத்தானே முழுமை உடையதாக இருக்க வேண்டும். “சோதனைகளைச் சரிசெய்” என்பது ஆணையாகாது. அறிக்கைப் பிழைக்குரிய முகவருக்கு நாம் எழுதத்தக்க ஆணை பின்வருமாறு அமையலாம்:

“அறிக்கை அச்சிடும் பகுதியின் சோதனை ஒன்று சில வேளை தோற்கிறது. தோற்கும்போது வரும் செய்தி கீழே தரப்பட்டுள்ளது. அறிக்கைக் கோப்பு எழுதி முடியுமுன் சோதனை அதனைத் திறந்து பார்க்கிறது என்பது எங்கள் ஐயம். அதனை உறுதி செய்துகொள். அறிக்கைக் கோப்புறையில் உள்ளவற்றை மட்டும் மாற்று. பெயர், தேதி, கட்டணம் ஆகிய பகுதிகளைத் தொடாதே. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பிழையை மறைக்காதே. கோப்பு முடிந்தது என்னும் செய்தி வரும்வரை காத்திருக்குமாறு செய். சோதனையை நீக்காதே. முடிவில் பிழையின் காரணம், மாற்றிய வரிகள், எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாய் என்பவற்றைக் கூறு.”

இந்த ஆணையில் நான்கு உறுப்புகள் உள்ளன. எல்லை, குறிக்கோள், தடை, அறிக்கை. இவற்றுள் மாணவர்கள் பெரும்பாலும் மறப்பது தடையை. சோதனை வெற்றி பெற வேண்டும் என்று மட்டும் கூறினால், சோதனையையே தளர்த்தி வெற்றி காட்டுவதும் ஒரு வழியாகிவிடும். காய்ச்சலைக் காட்டும் கருவியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் தீர்ந்தது என்பது போன்றது அது.

சேர்த்துப் பார்த்தல்

நால்வரும் திரும்பி வந்த பின்னரே தலைமைப் பணி தொடங்குகிறது. முதலில் ஒவ்வோர் அறிக்கையையும் படிக்க வேண்டும். அடுத்து, அறிக்கை கூறுவதும் மாறிய வரிகளும் ஒத்துள்ளனவா என்று நோக்க வேண்டும். தொடாதே என்ற இடத்தைத் தொட்டிருந்தால் அந்தத் திருத்தத்தை நிறுத்தி வைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்க்கும்தோறும் எல்லாச் சோதனைகளையும் ஓட்ட வேண்டும். நான்கையும் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டுச் சோதனை தோற்றால், குற்றம் யாருடையது என்று தேடுவதிலேயே மிச்சப்படுத்திய நேரம் போய்விடும்.

எவ்வளவு மிச்சமாகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிழைகளை ஆராய்ந்து பிரிக்க 15 நிமிடம். பெயர்க் குடும்பத்திற்கு 40 நிமிடம். மற்ற மூன்றுக்கும் தலா 20 நிமிடம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் திருத்தத்திற்கு 100 நிமிடம். இறுதிச் சோதனைக்கு 10. ஆக மொத்தம் 125 நிமிடம். ஒருங்கே செய்தால் நீண்ட வேலையின் 40 நிமிடமே கணக்கு. ஒன்றுசேர்க்க 20 நிமிடம். ஆராய்ந்த 15-ஐயும் கூட்டினால் 75 நிமிடம். நால்வர் உழைத்தும் வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை!

வியப்பு வேண்டாம். 1967-இல் ஜீன் ஆம்டால் இதனை எடுத்துக்காட்டினார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகவே நடக்க வேண்டியது என்றால், எத்தனை பேரை ஏவினாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் பெற இயலாது. தாமதமான மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் ஃபிரெட் புரூக்ஸ் எழுதினார். நால்வருக்குள் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய இணைகள் 6, எழுவருக்குள் 21. பேச வேண்டிய தேவையே எழாதவாறு பிரிப்பதுதான் நல்ல பிரிவினை.

பிழையின் காரணமே தெரியாத நிலையில் பிரிக்கவே கூடாது. அப்போது ஒருவரே முழுவதையும் ஒருங்கே நோக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று தானே மறையுமோ என்ற ஐயம் எழுந்தாலும் அவ்வாறே.

முடிவுரை

இவ்வளவு விழிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். எல்லையோர ஊராகிய நம் ஊரில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையும் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர் பலர். பதிவேட்டில் ‘திருத்தணிக’ என்று அறுபட்ட பெயர் சான்றிதழில் ஏறிவிட்டால், உதவித்தொகைக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கும்போது அந்தப் பிள்ளை “இது நான்தான்” என்று மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். நான்கு முகவர்களும் “முடிந்தது” என்று சொல்லியிருக்கலாம். அந்த அலைச்சலுக்கு முகவர் பொறுப்பேற்கப் போவதில்லை. பணியைப் பிரித்துக் கொடுத்து, சேர்த்துப் பாராமல் விட்டவரே பொறுப்பு. யாரிடம் எதை ஒப்படைப்பது என்பதற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். கருவிகள் புதியன, கடமை பழையதே.

பயிற்சி

1. நூலக மென்பொருளில் மூன்று பிழைகள்: திருப்பித் தரும் நாள் தவறு, தாமதக் கட்டணம் தவறு, நூற்பெயர் வரிசை தவறு. இவற்றை எத்தனை முகவர்களுக்குப் பிரிப்பீர்கள்? தாமதக் கட்டணம் எதைப் படித்துக் கணக்கிடப்படுகிறது என்பதை எண்ணி விடை எழுதுக.

2. உங்கள் பெயரில் எத்தனை எழுத்துகள், எத்தனைக் குறிகள், எத்தனை பைட்டுகள் என்று கணக்கிடுக. 30 பைட்டு இடத்தில் அது முழுமையாக அடங்குமா?

3. நீங்கள் எழுதிய நிரல் ஒன்றில், கோப்புகள் பிரிந்திருந்தும் பொதுவாக ஓடும் ‘ஆறு’ எது என்று கண்டறிந்து ஒரு பத்தியில் விளக்குக.